கரைவாகு வட்டையை நிரப்பிக் குடியேறலாமா?

தோணாக்கரை: கரைவாகு வட்டையில், அந்தத் தாழ்ந்த வயல்வெளியில், இனி ஒரு கூடை மண்ணும் கொட்டக்கூடாது என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை தொடக்கம் சாய்ந்தமருது வரை எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டாதே என்றது அரசு. மேற்கே வயல், அங்கேயும் கட்டாதே என்கிறீர்கள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாத ஊரில் அந்த வீட்டுக்கான வளவை, நிலத்துண்டை, எங்கே தேடுவது?

வட்டைக்காரன்: நானா, வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தில் குடியிருக்கலாம் என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்று பாருங்கள். முன்பு மாரியில் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆறு பெருகினால் தாழ்நிலமெங்கும் பரவி நின்று, மெல்ல வடிந்துதான் வாவிக்கும் கடலுக்கும் போகும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்து, இங்கினியாகலையில் அணை கட்டி, ஆற்றைச் சேனாநாயக்க சமுத்திரமாக மறித்தார்கள். கீழே வரும் பெருவெள்ளம் குறைந்தது, பயமும் குறைந்தது. ஆனால் அணைக்குக் கீழே பெய்யும் மழையை எந்த அணை பிடிக்கும்? 1957 டிசம்பர் வெள்ளம் கிழக்கை மூடியபோது அந்த அணை இருந்தது.

தோணாக்கரை: தம்பி, அந்தப் பள்ளத்தை வயலாக்கியவர்களும் நம் மூத்தவர்கள்தானே? சதுப்பை வெட்டி, வாய்க்கால் இழுத்து, வரம்பு கட்டினார்கள். அவர்கள் நிலத்தை மாற்றினால் உழைப்பு, நாங்கள் மாற்றினால் குற்றமா?

வட்டைக்காரன்: வரம்பு கட்டிய வயல் வெள்ளத்தை ஏற்றுக்கொள்ளும். பயிர் அழுகலாம், ஆனால் தண்ணீருக்கு இடம் இருக்கும். கிரவல் மண் கொட்டி உயர்த்திய வளவு அந்தத் தண்ணீரை அப்படியே பக்கத்து வளவுக்குத் தள்ளிவிடும். பிறகு அவரும் நிரப்புவார், அதற்கடுத்தவரும் நிரப்புவார். கடைசியில் பழைய வீடுகள்தான் குளமாகின்றன. அங்கே மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே நீர்மட்டத்தில் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியில்லாமல் வயலை நிரப்பக்கூடாது என்று சொல்வது சும்மா இல்லை.

தோணாக்கரை: சட்டம் யாருக்கு? ஐந்து பேர்ச்சஸ் நிலம் நிரப்பும் ஏழையைத் தேடி வருகிறது. பொதுக்கட்டடம் என்றால் லொறி லொறியாக மண் இறங்குகிறது, ஒருவரும் மறிப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்காகச் சாய்ந்தமருதின் மேற்கே வொலிவேரியன் கிராமம் எழுந்ததே, அந்த மக்கள் வேறு எங்கே போயிருப்பார்கள்?

எழுவான்கரைப்பெண்: நானாமார் இருவரும் நிலத்தையே பேசுகிறீர்கள், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். கிட்டங்கித் தாம்போதியை, அந்தத் தாழ்ந்த பாதையை, கடந்துதான் நாவிதன்வெளிக்கு வேலைக்குப் போகிறேன். பெருமழையில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், பாதை அடைபடும். அந்த வெள்ளம் வாவியில் சேர்ந்து கல்லாற்று முகத்துவாரத்தால் கடலுக்கு இறங்க வேண்டும். முகத்துவாரத்தின் வாய் மண்ணால் மூடியிருந்தால், அதை வெட்டு என்பார் விவசாயி. நேரத்துக்கு முன் வெட்டினால் உப்பு ஏறும், இறால் போய்விடும் என்பார் மீனவர். நடுவில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் வட்டைப் பள்ளத்தையும் நிரப்பிவிட்டால் அந்த இருவரும் பொறுத்திருக்க நாள் கிடைக்காது. வயல், மீன், வீடு என்ற இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசாமல் வீடு, வீடு என்று எழுதுவது எனக்குக் கோபம் தருகிறது.

வட்டைக்காரன்: தங்கச்சி சொல்வதுதான் என் கட்சியும். ஏற்கனவே நிரப்பிய இடத்தில் மாடி கட்டுங்கள். ஊர்த்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் தோணாவையும் வடிகாலையும் தொடாதீர்கள்.

தோணாக்கரை: மாடி கட்டக் காசு யார் தருவார்? மேல்மாடியை மகள் பெயரில் எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்களா? தண்ணீர் போகும் வழியை அளந்து கல் நாட்டுங்கள். அந்தக் கல்லுக்குள் நான் வரமாட்டேன், என் பிள்ளைகளையும் வரவிடமாட்டேன். கல்லே நாட்டாமல் முழு வட்டையையும் பூட்டுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.