2024 பேஸ்பால் சீசன்: மார்ச்சில் அடித்துச் சொன்னதும் அக்டோபரில் நடந்ததும்

கான்சஸ் சிட்டியிலிருந்து:

சீசன் தொடங்கும் முன் அடித்துச் சொன்ன ஆரூடங்களை இங்கே எழுதுங்கள். பலித்ததா இல்லையா என்பதோடு, எதை நம்பிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

நான் சொன்னது: எங்கள் ஊர் அணி ராயல்ஸ் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்கு, போவார்கள். 2023-இல் 106 ஆட்டம் தோற்ற அணி அது. ஆபீசில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நான் நம்பியது பந்துவீச்சை. அந்த டிசம்பரில் சேத் லூகோ, மைக்கேல் வாக்கா இருவரையும் எடுத்திருந்தார்கள். ஒன்பது இன்னிங்ஸில் ஆறைத் தாங்குகிற பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) இருந்தால் புல்பென்னுக்கு, அதாவது பின்னால் வந்து வீசுகிற மாற்றுப் பிட்சர்களுக்கு, மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதோடு கோல் ரேகன்ஸ். அரோல்டிஸ் சாப்மனை டெக்சாஸ் அணிக்குக் கொடுத்து வாங்கிய பையன்.

அப்படியே நடந்தது. 86 வெற்றி, 76 தோல்வி, வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்). லூகோ 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 16 ஆட்டம் ஜெயித்தார். பாபி விட் ஜூனியர் .332 பேட்டிங் சராசரியோடு அமெரிக்கன் லீக்கில் (இரண்டு லீக்குகளில் எங்களுடையது) முதலிடம். அவர் நன்றாக ஆடுவார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்டோபர் 1, பால்டிமோரோடு பிளேஆஃபின் முதல் ஆட்டம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எதிரில் அவர்களுடைய பிட்சர் கார்பின் பர்ன்ஸ். ஆறாவது இன்னிங்ஸில் விட் ஒரு சிங்கிள் அடிக்க, மைக்கேல் கார்சியா ஓடி வந்து ரன் எடுத்தார். மொத்த ஆட்டத்துக்கும் அந்த ஒரு ரன்தான். ரேகன்ஸ் எட்டுப் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டு, ஆறு இன்னிங்ஸ் முடிந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் வெளியேறினார். மிச்ச மூன்று இன்னிங்ஸும் என்னால் உட்காரவே முடியவில்லை. 1-0. மறுநாள் 2-1, மூன்று ஆட்டத் தொடரும் கைக்கு வந்தது. அடுத்த சுற்றில் யாங்கீஸிடம் தோற்றது வருத்தம்தான்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

அண்ணா, என் ஆரூடம் எங்கள் டாட்ஜர்ஸ் அணியின் ஓடானி 40-40 எடுப்பார் என்பது. அதாவது ஒரே சீசனில் 40 ஹோம் ரன் அடித்து, 40 பேஸும் திருடுவது (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அதற்கு முன் ஐந்து பேர்தான் அதைத் தொட்டிருந்தார்கள். அவர் ஒரு சீசனில் அதிகபட்சமாகத் திருடிய பேஸ்களே 26. ஆனால் வழக்கமாகப் பந்தும் வீசுகிற அவர், முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த வருடம் பந்து வீசப் போவதில்லை. அப்படியானால் காலைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2023-இலிருந்து பேஸும் பெரிதாகிவிட்டது, பிட்சர் திரும்பத் திரும்ப பேஸுக்கு எறிந்து ரன்னரைத் தடுக்கவும் வழியில்லை. ஓடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, டாம்பா பேயோடு ஆட்டம். 40-ஆவது பேஸையும் அன்றே திருடினார், 40-ஆவது ஹோம் ரன்னையும் அன்றே அடித்தார். அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஆட்டத்தை அங்கேயே முடித்துவைத்த அடி! அப்புறம் செப்டம்பர் 19 மயாமியில் மூன்று ஹோம் ரன், திருடியது இரண்டு பேஸ், அவர் அடியால் அணிக்குப் பத்து ரன். 50-50-ஐயும் தாண்டிவிட்டார். கடைசியில் 54 ஹோம் ரன், 59 பேஸ். அவ்வளவு தூரம் போவார் என்று யாருமே சொல்லவில்லை, நானும்தான்.

அட்லாண்டாவிலிருந்து:

எங்கள் ஊரில் அந்த மார்ச்சில் பேச்செல்லாம் எங்கள் அணி பிரேவ்ஸ் கோப்பை வாங்குவதைப் பற்றியே. ஏப்ரலில் எங்கள் பிட்சர் ஸ்ட்ரைடருக்கு முழங்கை போனது, மே மாதம் எங்கள் பேட்ஸ்மேன் அகூன்யாவுக்கு முட்டி போனது. பிறகு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நான் தனியாகச் சொன்னது எங்கள் அணிக்குப் புதிதாக வந்த பிட்சர் கிறிஸ் சேலைப் பற்றி. வயது 35, வருடக்கணக்காகக் காயம், பாஸ்டன் கைகழுவிவிட்டது. ஆனால் 2023-இல் தோளில் வலி இல்லாத நாட்களில் அவருடைய ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைகிற பந்து) பழையபடியே வளைந்தது. அதைப் பார்த்துத்தான் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இவருக்கே என்றேன். 18 வெற்றி, 3 தோல்வி, 2.38 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்), 225 ஸ்ட்ரைக் அவுட். வெற்றி, ஈ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் நேஷனல் லீக்கில் (எங்கள் லீக்) முதலிடம். விருதும் வந்தது. ஆனால் சான் டியேகோவோடு வைல்ட் கார்டு சுற்று ஆடியபோது முதுகு பிடித்துக்கொண்டு அவரால் வீச முடியவில்லை. தோற்ற அந்த இரண்டு ஆட்டத்தில் ஒன்றையாவது அவர் வீசியிருக்க வேண்டும் என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.