‘புனர்வாழ்வு மருத்துவம்’ (rehabilitation medicine: நோயோ காயமோ இயலாமையாக்கியவரை அன்றாட வாழ்வுக்குப் பழக்கும் துறை): மாற்றுச் சொல்

> புனர்வாழ்வு மருத்துவம் என்றே விடுவோம். பழகிய சொல். ராகமை வைத்தியசாலைக்கும் அதுதானே பெயர்.

பழகியதுதான் சிக்கல். ‘புனர்வாழ்வு’ என்றதும் இங்கே இலங்கையில் நினைவுக்கு வருவது போதைக்கு அடிமையானோரை அனுப்பும் கந்தக்காடு நிலையம். அதற்கு முன்னர், 2009இல் போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்கள். பக்கவாதம் வந்த தாயை ‘புனர்வாழ்வுக்கு’ அனுப்புகிறோம் என்றால் பிள்ளைகள் மிரளுவார்கள். தமிழ்நாட்டு ‘மறுவாழ்வு’ம் குடிநோயாளர் பக்கம் சாய்ந்துவிட்டது.

> மீளியக்க மருத்துவம்?

இயக்கம் என்றால் கையும் காலும்தான். விழுங்கல், பேச்சு, சிறுநீர்ப்பை எல்லாம் வெளியே நிற்கும். ‘மீள்’ அதைவிட மோசம். நெஞ்சு மட்டத்தில் முண்ணாண் (தண்டுவடம்) முற்றாக அறுந்தவருக்குக் கால் மீளாது. ஆனால் வழுக்குப் பலகை வைத்துக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகுவார். மீளாத இடத்தில்தான் இந்த வைத்தியருக்கு வேலை கூட.

என் முன்மொழிவு ‘இயலுமை மருத்துவம்’. இயலாமைக்கு நேர் எதிர்ச்சொல். ‘இயலச்செய்தல்’ என்று வினையும் கிடைக்கிறது.

அடுத்து, இத்துறை வைத்தியருக்கான பயிற்சிக் கட்டங்களின் பெயர். முதலாவதைத் ‘தீவிரக் கட்டம்’ என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவோடு குழம்பும். படுக்கைக் கட்டம், பழக்கும் கட்டம், வீட்டுக் கட்டம் எனலாம். பயிலும் வைத்தியர் ஒரே நோயாளியை மூன்றிலும் தொடர்வதற்குத் ‘தொடர்கட்டப் பயிற்சி’.

ஏன் தொடர வேண்டும்? முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்கு இரக்கப்பட்டு முழங்காலின் அடியில் தலையணை வைப்பார்கள். சில வாரங்களில் மூட்டு மடிந்தபடியே இறுகும். பிறகு எவ்வளவு நல்ல செயற்கைக் காலும் சரியாகப் பொருந்தாது. தவறு நடப்பது முதற் கட்டத்தில், வெளியே தெரிவது இரண்டாவதில். சத்திரசிகிச்சை விடுதியோடு பயிற்சி முடிந்தவருக்கு அந்தத் தலையணையின் விளைவு கண்ணிலேயே படாது.

வீட்டுக் கட்டமும் அப்படித்தான். 15 செ.மீ. உயர வாசற்படியில் சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவில் (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) 1.8 மீற்றர் சாய்தளம் வேண்டும். கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி நடையில் அதற்கு இடமேது? வீட்டைப் பார்த்தவருக்குத்தான் எந்த அகலச் சக்கர நாற்காலியை எழுதிக்கொடுப்பதென்றும் தெரியும்.

---

> படுக்கைக் கட்டம்

உங்கள் ‘இயலுமை’ எனக்குச் சரி. ‘படுக்கைக் கட்டம்’ வேண்டாம். 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லும் அதே வகுப்பில், உடல் தாங்குமானால் முதல் நாட்களிலேயே எழுப்பி உட்காரவைக்கவும் சொல்கிறோம். பெயரிலேயே படுக்கை இருந்தால் தாதியர் படுக்கவைத்தே விடுவார்கள். ‘தொடக்கக் கட்டம்’ போதாதா?