கதை நேரத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்கிறார், விடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நகராட்சி நூலகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர், சனிக்கிழமை குழந்தைகளுக்குக் கதை சொல்லச் சும்மாவே வருகிறேன் என்கிறார், வார நாட்களிலும் அவர் வேலை அதுதான். சரியா?

பதில் 1: வேண்டாங்க. அரசு அமைப்பின் ஊழியர் அதே அமைப்பில் அதே மாதிரி வேலையைத் தன்னார்வமாகச் செய்வதைக் கூட்டாட்சி ஊதியச் சட்டம் ஏற்காது, அவரே எழுதிக் கொடுத்தாலும். வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு சம்பளம்.

கேட்டவர்: பட்ஜெட் இடிக்குதே. பதிலுக்கு லீவு?

பதில் 2: தரலாம், 40-க்கு மேல் கூடுதலாகச் செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேர லீவு. முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், 240 மணி நேரத்துக்கு மேல் சேர்க்க முடியாது. இது அரசு நூலகத்துக்குத்தான். தனியார் அறக்கட்டளை நடத்துவதென்றால் பணம்தான். அப்புறம், மாநிலச் சட்டம் இன்னும் கறாராக இருக்கலாம்.