டொராண்டோ பக்கம் வீடு வாங்கலாமா: பேங்க் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். கனடாவில் டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டன் வந்து 14 மாதம், இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 1.2 லட்சம் டாலர், ஒரு குழந்தை. "வாடகை கொடுப்பது வீண், உடனே வாங்கு" என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் ஊரில் வீட்டு விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகிறதா என்று பார்க்க எளிய வழி, வீட்டு விலையைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தால் வகுப்பது. இதில் சராசரியை நம்பக் கூடாது. பணக்காரர்கள் வாழும் ரோஸ்டேல் பக்கம் நாலு மாளிகை விற்றாலே சராசரி ஏறிவிடும். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்க்க வேண்டும்; விலைக்கும் அப்படியே. உலக நகரங்களை ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கையில் விடை 3க்குள் இருந்தால் கட்டுபடியாகும் ஊர், 5ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

2021 சென்சஸ்படி டொராண்டோ பெருநகரப் பகுதியில் நடுக் குடும்பத்தின் வருமானம், வரிக்கு முன், 97,000 டாலர். அது 2020ஆம் வருடக் கணக்கு, இப்போது 1.15 லட்சம் என்றே வைப்போம். 2024இல் இங்கே விற்ற வீடுகளின் சராசரி விலை சுமார் 11 லட்சம். அது சராசரிதானே என்று குறைத்து 9 லட்சம் போட்டாலும் கிட்டத்தட்ட 8 மடங்கு வருகிறது. ஆகவே உங்களால் இன்னும் வாங்க முடியவில்லை என்றால் அது உங்கள் சாமர்த்தியக் குறைவு இல்லை. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேங்க் போடும் கணக்கு. 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் கடனுக்கு இன்சூரன்ஸ் (நாம் கட்டாமல் போனால் பேங்கைக் காப்பது) கட்டாயம். அந்த இன்சூரன்ஸ் கிடைக்க மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தவணை, சொத்து வரி, ஹீட்டிங், காண்டோ (அடுக்குமாடி ஃபிளாட்) என்றால் மெயின்டனன்ஸில் பாதி, எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கியையும் சேர்த்தால் 44. அதுவும் உங்கள் வட்டியோடு 2 சதவீதம் கூட்டிப் பார்ப்பார்கள். 4.5 என்றால் 6.5 போல. உங்கள் சம்பளத்துக்கு மாதம் 3,900 டாலர் வரம்பு. வரிக்கும் ஹீட்டிங்குக்கும் 500 போனால், 25 வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கடன் கிடைக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். அந்த 39 சதவீதம் வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில். ஆளுக்கு 60,000 என்றால் இருவரும் சேர்ந்து மாதம் கையில் வாங்குவது 7,600 பக்கம்தான். 4.5 வட்டியில் உண்மையில் கட்டப்போவது சுமார் 3,300. மீதி 4,300இல் டே-கேர், கார் இன்சூரன்ஸ் (பிராம்ப்டனில் அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்), மளிகை, ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் அடங்க வேண்டும். ஊருக்கு அனுப்பும் பணத்துக்குப் பேங்கின் படிவத்தில் கட்டமே கிடையாது.

நாங்கள் 2021இல் வேரியபிள் வட்டியில், அதாவது ஏறி இறங்கும் வட்டியில், 5.5 லட்சம் கடன் எடுத்தோம். மாதம் 2,200. 2022 தொடக்கத்தில் 0.25ஆக இருந்த, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் கனடாவின் வட்டி 2023 ஜூலையில் 5க்குப் போனது. எங்கள் தவணை 3,500 ஆனது. அந்த வருடம் என் மனைவி சனி ஞாயிறும் வேலைக்குப் போனார். மகளின் நடன வகுப்பை நிறுத்தினோம். வட்டி மாறாத ஃபிக்ஸ்டு கடன் எடுத்தாலும் பெரும்பாலும் 5 வருடம்தான். அப்புறம் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 3,300இல் இருந்து இப்போதைய வாடகையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தை மாதா மாதம் தனிக் கணக்கில் போட்டு, தொடாமல் ஆறு மாதம் இருந்து பாருங்கள். கையை வைக்காமல் முடிந்தால் அந்த விலை உங்களுக்குக் கட்டுபடியாகும். முடியவில்லை என்றால் எந்த மாதம், எதற்காக எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். சேர்ந்த பணம் எப்படியும் முன்பணத்துக்கு உதவும்.

இதற்கிடையே எஃப்.எச்.எஸ்.ஏ. (முதல் வீட்டுக்கான சேமிப்பு) கணக்கு திறக்கத் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். வருடம் 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். வரிக் கழிவு உண்டு. கணக்கைத் திறந்த பிறகுதான் அந்த வருடாந்தர வரம்பு சேர ஆரம்பிக்கும். பணம் இல்லாவிட்டாலும் திறந்து வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. ஊரில் உங்கள் பெயரில் வீடோ ஃபிளாட்டோ இருக்கிறதா? முதல் வீடு வாங்குவோருக்கு நம் ஒன்டாரியோ மாகாணம் பத்திர வரியில் 4,000 டாலர் வரை திருப்பித் தருகிறது. ஆனால் உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. 5 லட்சம் கடனும் 40,000 முன்பணமும் போட்டு வாங்கும் 5.4 லட்சம் வீட்டுக்கு அந்த வரி 7,300 பக்கம் வரும். டொராண்டோ நகர எல்லைக்குள் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதையெல்லாம் கடனில் சேர்க்க முடியாது, ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும்.

வாடகையும் டே-கேர் செலவும் எவ்வளவு என்று எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.