பழைய கடிகார செல்லில் எல்இடி எரியவில்லை, எங்கே தவறு?

கேள்வி
ஏழாவது படிக்கும் மகளோடு சேர்ந்து ஜூல் தீஃப் சர்க்யூட் செய்கிறேன், தீர்ந்துபோன செல்லிலும் எல்இடியை எரியவைப்பது அது. சுவர்க் கடிகாரத்தில் கழற்றிப்போட்ட செல், மீட்டரில் 1.1 வோல்ட். எரிந்துபோன சிஎஃப்எல் பல்பின் போர்டிலிருந்து ஃபெரைட் வளையமும் 13003 டிரான்சிஸ்டரும் எடுத்தோம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பழைய ரேடியோவில் கிடைத்தது. சால்டரிங் கிடையாது, எல்லாம் திருகு கனெக்டரில் இறுக்கியதுதான். வளையத்தில் இரண்டு எனாமல் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து 15 சுற்று. வெள்ளை எல்இடி துளிகூட எரியவில்லை. 3 வோல்ட் பட்டன் செல்லில் தனியாக எரிகிறது. மகள் முகம் வாடிவிட்டது, உதவுங்கள்.

பதில் 1
கம்பி முனையில் எனாமல் பூச்சைச் சுரண்டினீர்களா? செம்பு நிறத்தில் இருப்பதால் வெறும் கம்பி போலவே தெரியும், கரண்ட் போகாது. உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள்.

அப்புறம், அடுத்த சிஎஃப்எல்லைப் பிரிக்கும்போது கண்ணாடிக் குழாய் உடையக் கூடாது, உள்ளே பாதரசம் இருக்கிறது. போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்
தேய்த்துவிட்டேன். மீட்டரில் இரண்டு சுருளும் சரியாகக் காட்டுகின்றன. இன்னும் எரியவில்லை.

பதில் 2
செல்லின் பிளஸ்ஸில் எந்த இரண்டு முனைகளை முறுக்கி வைத்தீர்கள்?

கேட்டவர்
சுற்றத் தொடங்கிய பக்கத்து முனைகள் இரண்டும்.

பதில் 2
அங்கேதான் சிக்கல். ஒரு கம்பியின் தொடக்கமும் மற்றதன் முடிவும்தான் பிளஸ்ஸில் சேர வேண்டும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். கலெக்டரில் சேரும் சுருளில் கரண்ட் ஏறும்போது மற்ற சுருள் பேஸின் வோல்ட்டை இன்னும் மேலே தள்ள வேண்டும். உங்கள் இணைப்பில் கீழே இழுக்கிறது. அதனால் டிரான்சிஸ்டர் விட்டுவிட்டு இயங்குவதே இல்லை. அது சட்டென்று அணையும்போது சுருளில் எழும் வோல்ட் செல்லோடு கூடித்தான் எல்இடி கேட்கும் 3 வோல்ட்டை எட்டும். நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடப்பதால் கண்ணுக்கு நிலையான வெளிச்சம்.

ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். எல்இடியின் நீண்ட கால் கலெக்டரில், குட்டைக் கால் எமிட்டரில். 13003 அதிக வோல்ட்டுக்கானது, கெயின் (கரண்டைப் பெருக்கும் திறன்) குறைவு. ரேடியோ போர்டில் பிசி547 டிரான்சிஸ்டர் இருந்தால் அதைப் போடுங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

கேட்டவர்
எரிந்துவிட்டது! முனை மாற்றியதும் 13003-லேயே மங்கலாக வந்தது. பிசி547 போட்டதும் நல்ல வெளிச்சம். மகள் இப்போது ரிமோட்டிலிருந்து கழற்றிய பழைய செல்களையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறாள். மிக்க நன்றி அண்ணா.