போர்ஷே 718 கேமன்: ஸ்போர்ட் க்ரோனோ பொதி காரை உண்மையிலேயே வேகமாக்குமா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல வருடங்களாகச் சேர்த்த பணத்தில் ஒரு பாவித்த போர்ஷே 718 கேமன் வாங்குவதாகத் தீர்மானித்திருக்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறக்கப்பட்டாலும், புதிய வாகனத்தின் வரியை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்பதால், ஏற்கெனவே கொழும்பில் ஓடிக்கொண்டிருக்கும் கார்களைத்தான் பார்த்து வருகிறேன். இப்போது இரண்டு கார்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் 2 லீற்றர் டேர்போ எஞ்சினும் பிடிகே தன்னியக்க கியரும்தான். ஒன்றில் மட்டும் ஸ்போர்ட் க்ரோனோ பொதி, அதாவது போர்ஷே மேலதிக விலைக்குப் பூட்டித் தரும் வசதிகளின் தொகுப்பு, இருக்கிறது. அதற்கு விலை கணிசமாகக் கூட.

அந்தக் காரை விற்பவர், பொதி உள்ள கார் மற்றதைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும் என்கிறார். என் மைத்துனரோ, டாஷ்போர்டின் மேல் ஒரு மணிக்கூடு வைப்பதற்கு இவ்வளவு காசா என்று சிரிக்கிறார். நான் வார நாட்களில் காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருப்பவன்; மாதத்துக்கு ஒருமுறை தெற்கு அதிவேக வீதியால் காலிக்குப் போவேன்; வருடத்துக்கு ஓரிரு தடவை நுவரெலியா. இந்தப் பாவனைக்கு அந்தப் பொதி காரை வேகமாக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் நிறுவனமே வெளியிட்ட எண்களைப் பார்த்துவிடுவோம். உங்கள் இரண்டு கார்களிலும் உள்ள எஞ்சின் 300 குதிரைவலுவும் 380 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருவது. பொதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு எண்களும் மாறுவதில்லை. உச்ச வேகமும் அப்படியே மணிக்கு 275 கிலோமீற்றர்தான். மாறுவது ஒன்றே ஒன்று: நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றரை எட்ட பிடிகே காருக்கு 4.9 செக்கன் தேவைப்படும் இடத்தில், பொதியுள்ள காருக்கு 4.7 செக்கன் போதும்.

இந்த 0.2 செக்கன் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் லோஞ்ச் கொன்ட்ரோல் என்ற வசதியிலிருந்துதான். ஸ்போர்ட் பிளஸ் என்ற, காரை மிகச் சுறுசுறுப்பாக்கும் ஓட்ட நிலையில் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலது காலால் அக்ஸிலேற்றரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் தனக்குச் சாதகமான ஒரு சுழற்சி வேகத்தில் காத்து நிற்கும். பிரேக்கை விட்டதும் ரயர் வீணாகச் சுழலாமலும் எஞ்சின் மூச்சுத் திணறாமலும் இருக்கும்படி கிளச்சைக் கணினியே பிடித்துக்கொடுக்கும். டேர்போ எஞ்சின் புறப்படும்போது காட்டும் அந்தச் சிறு தயக்கம் இதனால் மறைந்துவிடுகிறது. அதாவது, எஞ்சினிடம் ஏற்கெனவே இருக்கும் பலம் முதல் சில மீற்றர்களில் சிந்தாமல் பாதைக்குப் போய்ச் சேருகிறது. புதிதாகப் பலம் எதுவும் பிறக்கவில்லை.

மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 27.8 மீற்றர். ஆகவே 0.2 செக்கன் என்பது ஏறத்தாழ ஐந்தரை மீற்றர், ஒரு கேமனின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். விற்பவர் சொன்ன கண்ணுக்குத் தெரியாத தூரம் அவ்வளவுதான். வேகம் மட்டுமே நோக்கம் என்றால், பொதியே இல்லாத கேமன் எஸ் ஒன்று (2.5 லீற்றர், 350 குதிரைவலு) பிடிகேயுடன் 4.4 செக்கனில் 100ஐத் தொடுகிறது. பொதிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை அந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று பாருங்கள்.

பொதி என்ற பெயரில் எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளை விற்பதுமில்லை. டெஸ்லா 2019 டிசம்பரில் மொடல் 3 காரின் நீண்டதூர வகைக்கு 2,000 டொலருக்கு ஒரு மென்பொருளை மட்டும் விற்றது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரம் 4.4 செக்கனிலிருந்து 3.9 ஆகக் குறைந்தது. அங்கே மோட்டாரில் பூட்டி வைத்திருந்த பலம் உண்மையிலேயே திறந்துவிடப்பட்டது. நீங்கள் வாங்கவிருப்பது அந்த வகைப் பொதி அல்ல.

பஞ்சிகாவத்தைக் கராஜ்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா தந்த எண்கள் சரிதான். ஆனால் அவை நல்ல ரயரோடும், நிறுவனம் பரிந்துரைக்கும் 98 ஒக்டேன் பெற்றோலோடும் வெளிநாட்டில் அளந்தவை. நமது எரிபொருள் நிரப்பு நிலையங்களில் வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். 95 ஊற்றினால் இந்த எஞ்சினுக்குக் கேடு வராது. அடிப்பு (எஞ்சினுக்குள் எரிபொருள் முறைதவறி எரிவது) ஏற்படுவதை உணரும் கருவி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கு விலையாகக் கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்கும். 92ஐ மட்டும் மறந்தும் ஊற்ற வேண்டாம். இதனுடன் கொழும்பின் 30 பாகை வெப்பத்தையும், பம்பலப்பிட்டியில் அரை மணித்தியாலம் நின்று சூடேறிய இன்டர்கூலரையும் (டேர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) சேர்த்துக்கொண்டால், 4.9க்கும் 4.7க்கும் இடையிலான சண்டை எனக்குச் சற்றுச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் வந்த இரண்டு நண்பர்களிடம் இதே வகைக் கார்கள் இருந்தன, ஒன்றில் பொதி, மற்றதில் இல்லை. பந்தயத் திடலில் ஓட்டிப் பார்த்தபோது பொதியுள்ள கார்தான் ஒவ்வொரு தடவையும் பின்தங்கியது. அதன் சொந்தக்காரர் கணினியில் ஏதோ பிழை என்று முடிவு கட்டிக்கொண்டு காரை என்னிடம் கொண்டுவந்தார். கணினியில் ஒரு குறையும் இல்லை. பின் ரயர்கள் ஏழு வருடம் பழையவை; பூ (ரயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள்) நன்றாக இருந்தும் இறப்பர் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. லோஞ்ச் கொன்ட்ரோல் எவ்வளவு கெட்டித்தனமாகக் கிளச்சைப் பிடித்தாலும், பாதையைப் பிடிக்க வேண்டியது ரயர்தானே.

ஆகவே தம்பி, இரண்டு கார்களிலும் ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், மற்ற இரண்டும் வருடம். பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் கேளுங்கள். இன்னொன்று: லோஞ்ச் கொன்ட்ரோலை அடிக்கடி விளையாட்டுக் காட்டப் பயன்படுத்திய காரின் கிளச் தட்டுகள் அந்த வெப்பத்தையெல்லாம் வாங்கியிருக்கும். விலை கூடிய கார்தான் நல்ல கார் என்று முன்கூட்டியே நினைத்துவிட வேண்டாம்.

மலையேறி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் வேகம் என்றால் நேர்கோட்டில் நின்று புறப்படுவது மட்டுமே என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டுக்குருந்தையில் சுற்றோட்டமும் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கார் எங்கே நேரம் சம்பாதிக்கிறது என்பது தெரியும்: பிரேக் பிடிக்கும் இடத்திலும், வளைவிலிருந்து வெளியே வரும் இடத்திலும்தான்.

கேமனில் இந்தப் பொதியுடன் வரும் பொருள்களில் எனக்கு முக்கியமாகப் படுவது மணிக்கூடும் அல்ல, லோஞ்ச் கொன்ட்ரோலும் அல்ல. கியர்ப்பெட்டியைத் தாங்கும் பிடிகளுக்குள் காந்தத்துக்கு இணங்கும் ஒரு திரவம் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது இளகி நின்று அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும், வேகமாகத் திருப்பும்போது மின்காந்தப் புலத்தால் இறுகி, நடுவில் இருக்கும் அந்தப் பாரமான எஞ்சினும் கியர்ப்பெட்டியும் உடலோடு ஒட்டியே திரும்பும்படி செய்யும். இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவுகள் வரும் மலைப் பாதையில், கார் ஒரு திருப்பத்தை முடித்து மறு திருப்பத்துக்குத் தயாராகும் அந்தக் கணத்தில் இதை உணரலாம். எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு செக்கன் கணக்கு இல்லை என்பதற்காக அது இல்லை என்றாகிவிடாது. திசைமாற்றிச் சில்லில் உள்ள குமிழின் நடுப் பொத்தானை அழுத்தினால் 20 செக்கனுக்கு எஞ்சினும் கியரும் உச்ச விழிப்பில் நிற்கும். கினிகத்தேனைப் பக்கம் ஏற்றத்தில் ஒரு லொறியை முந்தும்போது அதன் அருமை தெரியும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்துவிடும். டேர்போ எஞ்சின் அதைப் பெருமளவு ஈடுசெய்துவிடுவது இந்தக் காருக்கு இன்னொரு அனுகூலம், ஆனால் அது பொதியால் வருவது அல்ல.

பொதி என்றால் எல்லா வகையிலும் வேகம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எட்டாம் தலைமுறை கொர்வெட் ஸ்டிங்ரேயில் இசட்51 பொதியைச் சேர்த்தால் குதிரைவலு 490இலிருந்து 495 ஆகிறது, புறப்பாடும் சற்றுச் சுறுசுறுப்பாகிறது. உச்ச வேகமோ 194 மைலிலிருந்து 184 மைலாக இறங்குகிறது! காரைப் பாதையோடு அழுத்திப் பிடிப்பதற்காகப் பூட்டிய இறக்கை காற்றைத் தடுப்பதுதான் காரணம். ஆனால் சுற்றோட்டத் திடலில் எந்தக் கார் முன்னால் வரும் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இசட்51ஐத்தான் காட்டுவேன். அப்படியானால் எது வேகமான கார்?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை இரண்டு கார்களையும் போய்ப் பார்த்தேன். கராஜ்கார அண்ணர் சொன்னபடி ரயரைக் குனிந்து பார்த்தால், பொதியுள்ள காரின் பின் ரயர்களில் 1917 என்று இருக்கிறது. மற்றக் காரில் 3223. பொதியுள்ள காரை வாங்கினால் உடனேயே நான்கு ரயர்களுக்கும் செலவழிக்க வேண்டும் என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன். மலையேறி அண்ணர் எழுதியதை வாசித்தபின் பொதியை விட மனம் வரவில்லை, ஆனால் தெற்கு அதிவேக வீதியின் 100 கிலோமீற்றர் எல்லைக்குள் நான் ஓட்டப்போகும் ஓட்டத்துக்கு அது அவசியமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: அந்தப் பொதி உண்மையாகவே தொழிற்சாலையில் பூட்டப்பட்டதா என்பதை எப்படி உறுதி செய்வது?

பஞ்சிகாவத்தைக் கராஜ்காரன் எழுதியது:

டாஷ்போர்டின் மேலுள்ள மணிக்கூட்டை மட்டும் நம்ப வேண்டாம். திசைமாற்றிச் சில்லில், வலப்பக்கத்துக்குக் கீழே, நிலைகளை மாற்றும் சிறிய வட்டக் குமிழ் இருக்க வேண்டும்; அதைத் திருப்பினால் ஸ்போர்ட் பிளஸ் என்ற நிலை திரையில் தோன்ற வேண்டும். அதற்குப் பிறகு காரின் பராமரிப்புப் புத்தகத்தையும் முன் மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் பூட்டிய மேலதிக வசதிகளின் குறியீடுகள் ஓர் ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அது கிழிந்திருந்தால் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு முகவரிடம் கேட்கலாம். லோஞ்ச் கொன்ட்ரோலைப் பரீட்சித்துக் காட்டுகிறேன் என்று விற்பவர் முன்வந்தால், அந்த ரயர்களோடு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.