மறுமொழி: முழங்கால் லிகமென்ட்டுக்கு என்ன சொல்?

வணக்கம்,

முழங்கால் ஒப்பரேசனுக்கு அண்ணை போட்ட தமிழ்ச்சொல் பட்டியல்ல லிகமென்ட்டும் (எலும்பை எலும்போட இணைக்கிறது) தசைநார், டென்டனும் (தசையை எலும்போட இணைக்கிறது) தசைநார். பேப்பர்லயும் அப்பிடித்தான் வருது, விளையாட்டுச் செய்திக்கு அது போதும். ஏசிஎல் (முழங்காலுக்குள்ள முன்பக்கமா இருக்கிற லிகமென்ட்) ஒப்பரேசனுக்குப் போதாது, ஏனெண்டா அந்த ஒப்பரேசனே டென்டனை எடுத்து லிகமென்ட் இருந்த இடத்தில வைக்கிறதுதான். "அறுந்த தசைநாருக்குப் பதிலாத் தசைநாரை வைப்பம்" எண்டு எழுதின தாளில நோயாளி எதை விளங்கிக் கையெழுத்து வைக்கிறது?

டென்டனுக்குத் தசைநாண் நல்ல சொல், இருக்கட்டும். லிகமென்ட்டுக்கு என்பிணைநார் எண்டு வைப்பம், என்பையும் என்பையும், அதாவது எலும்பையும் எலும்பையும், இணைக்கிற நார். இணையம் எண்ட பழைய சொல்லை இப்ப பாவிச்சா எல்லாரும் இன்டர்நெட் எண்டுதான் நினைப்பினம்.

ஒரு இடத்தில இது முட்டும். முழங்காற் சிரட்டைக்குக் கீழ இருக்கிற நாண் சிரட்டையையும் கணைக்கால் எலும்பையும், அதாவது ரெண்டு எலும்பைத்தான் இணைக்குது, அதால உடற்கூற்றுப் புத்தகங்கள் அதை லிகமென்ட் எண்டும் சொல்லும். ஆனா முன்தொடைத் தசையின்ர இழுவை சிரட்டையைத் தாண்டி அதுக்குள்ளாலதான் போகுது, சத்திரசிகிச்சை செய்யிற ஆக்களும் டென்டன் எண்டுதான் கதைக்கினம், ஆகவே சிரட்டைத் தசைநாண் எண்டே போடுவம்.

ஒட்டுகளின்ர, அதாவது அறுந்ததுக்குப் பதிலா எடுத்து வைக்கிற நாண்களின்ர, பேரில, எங்கயிருந்து எடுக்கினம் எண்டது கட்டாயம் இருக்கவேணும் எண்டு நான் உறுதியா நிக்கிறன். வெள்ளவத்தையில பிசியோவா வேலை செய்யிறன், ஒப்பரேசனுக்குப் பிறகு வாற ஆக்கள் எடுத்த இடத்தில இருக்கிற நோவைப்பற்றியும்தான் கேக்கினம். சிரட்டை நாண் ஒட்டில ரெண்டு முனையிலயும் எலும்புத் துண்டு இருக்கும், எலும்போட எலும்பு ஏறத்தாழ 6 கிழமையில ஒட்டிடும், ஆனா முழங்கால் முன்பக்கம் நோகும், முழந்தாளிடக் கஷ்டம். அஞ்சு நேரம் தொழுகிற ஆளுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல முழந்தாளிடுற அம்மாவுக்கும் அது சின்ன விசயமில்லை. பின்தொடை நாண் ஒட்டில அந்த நோ குறைவு, ஆனா நாண் எலும்பில துளைச்ச சுரங்கத்துக்குள்ள பிடிக்க 8 தொடக்கம் 12 கிழமை ஆகும், காலை மடக்கிற பலமும் கொஞ்சம் குறையும், வேகமா ஓடுற பெடியளுக்கு இதையும் சொல்லவேணும். இப்ப முன்தொடை நாணையும் எடுக்கினம். பட்டியல்ல இருக்கிற "ஒட்டு வகை 1, 2, 3" இதில ஒண்டையும் சொல்லாது.

ஏசிஎல்லுக்குக் குறுக்குநார் எண்டு போடலாமோ எண்டு ஒராள் கேட்டவர். முழங்காலுக்குள்ளயே குறுக்கா, கிடையா ஓடுற வேற ஒரு லிகமென்ட் இருக்கு, குறுக்கு எண்டது அதுக்குத்தான் பொருந்தும். ஏசிஎல்லும் அதுக்குப் பின்னால இருக்கிற பிசிஎல்லும் சிலுவை மாதிரி ஒண்டை ஒண்டு வெட்டிக்கொண்டு போறது, அதால முன்சிலுவை என்பிணைநார், பின்சிலுவை என்பிணைநார்.

பட்டியல்ல இந்த ஒப்பரேசனுக்குப் போட்டிருக்கிற பழுதுபார்த்தல் எண்டதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கோ. அறுந்ததையே தைச்சாத்தான் அது பழுதுபார்த்தல், புதுசா நாண் வைக்கிறது மீளமைப்பு.

எலும்பில துளைக்கிற சுரங்கத்துக்கு என்புச்சுரங்கம் எண்டு போடலாமோ? தங்கச்சி, நீங்கள் வார்ட்டில நிக்கிறனீங்கள், சனத்துக்கு அது விளங்குமோ எண்டு கேட்டு எழுதுங்கோ.